டெர்மினேட்டர்: ரெசிஸ்டன்ஸ் – விமர்சன வரவேற்பு

டெர்மினேட்டர்: ரெசிஸ்டன்ஸ் என்பது டெர்மினேட்டர் திரைப்பட வரிசையின் முதல் இரண்டு படங்களை அடியொற்றி 2019இல் வெளியான வீடியோ கேம். போலந்து நாட்டின் டெயான் நிறுவனம் உருவாக்கியது. பிரிட்டனின் ரீஃப் என்டர்டெயின்மென்ட் வெளியிட்டது. பெரிய நிறுவனங்களின் ஆட்டங்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய குழு, மிகக் குறைந்த முதலீடு. வெளியானபோது விமர்சகர்களில் பெரும்பாலோர் இதைப் பழைய பாணி, அரைகுறை வேலை என்று ஒதுக்கினார்கள். ஆனால் கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் காசு கொடுத்து வாங்கி ஆடிக் கருத்து எழுதியவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் இதைப் பரிந்துரைத்தார்கள். விமர்சகர் மதிப்பெண்ணுக்கும் ஆடியவர் தீர்ப்புக்கும் இத்தனை பெரிய இடைவெளி விழுந்த ஆட்டங்கள் அந்த ஆண்டில் அதிகம் இல்லை. அந்த இடைவெளியால்தான் இது இன்றும் பேசப்படுகிறது.

உருவாக்கியவர்கள்

2006இல் தொடங்கப்பட்ட டெயான் முதல் பத்தாண்டுகளில் கையடக்கக் கருவிகளுக்கும் நின்டென்டோ வீ கருவிக்குமான மலிவு விலை ஆட்டங்களில்தான் காலத்தை ஓட்டியது. ஹெவி ஃபயர் என்ற வரிசை அவர்களுக்குக் கொஞ்சம் பெயர் வாங்கிக் கொடுத்தது. அந்த வரிசை ‘ரெயில் ஷூட்டர்’ வகையைச் சேர்ந்தது. ஆடுபவர் எங்கே போவது என்று முடிவெடுக்க முடியாது. கேமரா தானே நகரும், குறிபார்த்துச் சுடுவது மட்டும் அவர் வேலை. கண்காட்சி அரங்குகளில் பிளாஸ்டிக் துப்பாக்கியோடு நின்று ஆடுவார்களே, அந்த வகை.

2014இல் இதே இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து ராம்போ: தி வீடியோ கேம் கொண்டுவந்தன. சில்வெஸ்டர் ஸ்டாலோனின் முதல் மூன்று ராம்போ படங்களை ஒட்டிய ரெயில் ஷூட்டர் அது. வசனங்களைப் புதிதாகப் பதிவு செய்யாமல் படங்களின் ஒலித்தடத்திலிருந்தே வெட்டி ஒட்டியிருந்தார்கள். வெட்டிய இடம் காதுக்குத் தெரிந்தது. மர பொம்மைகள் போன்ற முகங்கள், சில மணி நேரத்தில் முடிந்துவிடும் கதை, பத்தாண்டு பழையதாகத் தெரிந்த காட்சிகள். அந்த ஆண்டின் மிக மோசமான ஆட்டங்களைப் பட்டியலிட்டவர்கள் இதைத் தவறாமல் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆட்டத்துக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து டெயான் இலவசமாக ஒரு கூடுதல் பகுதி வெளியிட்டது என்பது ஒரு வேடிக்கையான துணைச் செய்தி. எல்லோரும் மறந்துபோன ஒன்றுக்கு யாரும் கேட்காமலே உழைத்துக்கொண்டிருக்கும் பிடிவாதத்தை அதில் பார்க்கலாம். அப்போது அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஆகவே 2019 செப்டம்பரில் ரெசிஸ்டன்ஸ் அறிவிக்கப்பட்டபோது, ராம்போவைக் கெடுத்தவர்கள் இப்போது டெர்மினேட்டரையும் கெடுக்க வருகிறார்கள் என்பதே முதல் எதிர்வினையாக இருந்தது. ஆட்டத்தைத் தொடுவதற்கு முன்பே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

களம்

ஜேம்ஸ் கேமரூனின் 1984 படத்திலும் 1991இல் வந்த இரண்டாம் பாகத்திலும் மனிதர்களுக்கும் இயந்திரங்களுக்குமான எதிர்காலப் போர் காட்டப்படுவது சில நிமிடங்கள்தான். நீலம் பாய்ந்த இரவு, மண்டையோடுகளை நசுக்கிச் செல்லும் இயந்திர டாங்கிகள், தேடுவிளக்கோடு பறக்கும் கொலை இயந்திரங்கள், இடிபாடுகளுக்கிடையே எலிகளைப் போல் ஒளிந்து வாழும் மனிதர்கள். பணமில்லாமல் எடுக்கப்பட்ட முதல் படத்துக்கு அதற்குமேல் காட்ட வசதியும் இருக்கவில்லை. அந்தச் சில நிமிடங்கள் ரசிகர்கள் மனதில் முப்பது ஆண்டுகளாகத் தங்கிவிட்டன. முழுப் படமும் அந்த உலகத்திலேயே நடக்காதா என்ற ஏக்கம் இருந்தது. 2009இல் வந்த டெர்மினேட்டர் சால்வேஷன் எதிர்காலத்தில்தான் நடக்கிறது. ஆனால் வெயில் கொளுத்தும் பாலைநிலம், சாதாரணத் தோட்டாக்கள் என்று வேறொரு போரைக் காட்டியது. அந்தப் படத்தோடு வெளியான ஆட்டமும் நாலைந்து மணி நேரத்தில் தீர்ந்துபோயிற்று. அதைச் செய்த சுவீடனின் கிரின் நிறுவனம் அதே ஆண்டில் திவாலானது.

ரெசிஸ்டன்ஸ் நேராக அந்த நீல இரவுக்குள் போகிறது. 2028, 2029 ஆண்டுகளின் லாஸ் ஏஞ்சலிஸ். பசடீனாவில் தன் படைப்பிரிவு முழுவதும் அழிந்த பிறகு தப்பிப் பிழைத்த சாதாரணச் சிப்பாய் ஜேக்கப் ரிவர்ஸ். அவன் கண்வழியாகவே ஆட்டம் நகர்கிறது. வழியில் அகப்படும் சிலரோடு ஒரு மறைவிடத்தில் சேர்ந்துகொள்கிறான். அவர்களோடு பேசும் பேச்சில் ஆடுபவர் எடுக்கும் முடிவுகள் பின்னால் யார் பிழைப்பார், யார் மாள்வார் என்பதை ஓரளவு மாற்றும். மூன்றாம் படத்திலிருந்து வந்த எதையும் ஆட்டம் கண்டுகொள்வதில்லை. இயந்திரங்களை ஆளும் ஸ்கைநெட் தோற்கும் தறுவாயில் காலத்தில் பின்னோக்கி ஒரு கொலை இயந்திரத்தை அனுப்பும் கட்டம் வரை கதை செல்கிறது. அதாவது 1984 படம் தொடங்கும் இடத்தில் வந்து முடிகிறது.

வெளியான நேரம்

2019 நவம்பர் நடுவில் ஸ்டீமிலும் ஐரோப்பியக் கடைகளிலும் வெளியானது. வட அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் பதிப்புகள் டிசம்பர் தொடக்கத்தில் வந்தன. இதைவிட மோசமான வாரத்தைத் தேடினாலும் கிடைத்திருக்காது. நவம்பர் 8 அன்று ஹிடேயோ கோஜிமாவின் டெத் ஸ்ட்ராண்டிங். நவம்பர் 15 அன்று ஸ்டார் வார்ஸ் ஜெடை: ஃபாலன் ஆர்டர். இதுவும் ஒரு படவரிசையின் ஆட்டம்தான், ஆனால் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் பணபலத்தோடு வந்தது. மூன்று வாரங்களுக்கு முன் கால் ஆஃப் டூட்டி வரிசையின் புதிய மாடர்ன் வார்ஃபேர் வந்து, துப்பாக்கி ஆட்டம் எப்படித் தெரிய வேண்டும், எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்குப் புதிய அளவை வைத்துவிட்டுப் போயிருந்தது. ஒரே விமர்சகர் ஒரே மாதத்தில் இவை எல்லாவற்றையும் ஆடி எழுத வேண்டியிருந்தது.

போதாக்குறைக்கு, சில வாரங்களுக்கு முன் வெளியான டெர்மினேட்டர்: டார்க் ஃபேட் படம் வசூலில் படுத்துவிட்டது. டெர்மினேட்டர் என்ற பெயரே சலித்துப்போயிருந்த சமயம்.

விமர்சகர்களின் தீர்ப்பு

விமர்சனங்களைத் தொகுத்துச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் ஆட்டத்தின் மதிப்பெண் பதிப்புக்குப் பதிப்பு மாறினாலும் நூற்றுக்கு ஐம்பதைச் சுற்றியே நின்றது. வீடியோ கேம் மதிப்பீட்டு வழக்கத்தில் ஐம்பது என்பது பாதி நல்லது என்ற பொருளைத் தருவதில்லை. எழுபதுக்குக் கீழே போனாலே வாங்க வேண்டாம் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்கிறார். ஐம்பது என்றால் குப்பை.

குறைகள் என்று சொல்லப்பட்டவை ஏறத்தாழ எல்லா விமர்சனங்களிலும் ஒன்றே. பாத்திரங்களின் முகங்கள் விறைத்திருக்கின்றன, உதடு ஒரு பக்கம் அசைய வசனம் ஒரு பக்கம் போகிறது. எதிரி இயந்திரங்களுக்கு மூளை இல்லை; சுடப்படும் திசையை நோக்கி நேராக நடந்து வந்து விழுகின்றன. பூட்டைத் திறக்கும் சின்ன ஆட்டம் ஃபால்அவுட், ஸ்கைரிம் ஆட்டங்களில் பார்த்தது. கணினிக்குள் ஊடுருவும் சின்ன ஆட்டம் எண்பதுகளின் ஃபிராகர் ஆட்டமேதான். பொருள் பொறுக்குவது, ஆயுதம் செய்வது, திறன்களைப் படிப்படியாக வளர்க்கும் ‘திறன் மரம்’, மறைவிட உரையாடல் என எல்லாமே வேறெங்கோ சிறப்பாகச் செய்யப்பட்டவை. வசனங்கள் தட்டை. இரண்டு பெண் பாத்திரங்களோடு நாயகனுக்கு அமையும் நெருக்கக் காட்சிகளை விமர்சகர்கள் விடாமல் கேலி செய்தார்கள். அந்தக் கேலிக்கு முழு நியாயம் உண்டு. முகத்தை அசைக்கவே பணமில்லாத குழு படுக்கையறைக் காட்சியை ஏன் எழுதியது என்பது புரியாத புதிர்.

பாராட்டு இல்லாமல் இல்லை. முதல் இரண்டு படங்களுக்கு பிராட் ஃபீடல் அமைத்த இசையை நினைவூட்டும் பின்னணி இசை, பிளாஸ்மா துப்பாக்கியின் ஒலி, இடிந்த நகரத்தின் இருட்டு ஆகியவற்றைக் கடுமையான விமர்சகர்களும் ஒப்புக்கொண்டார்கள். குறிப்பாகத் தொடக்கத்தில் வரும் மருத்துவமனைப் பகுதி பலருக்கும் பிடித்திருந்தது. அங்கே ஜேக்கப் கையில் இருப்பது சாதாரணத் தோட்டா. மனித உருவக் கொலை இயந்திரமான டி-800க்கு அது உறைக்காது. குனிந்து, ஒளிந்து, சிவப்புக் கண் திரும்பும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும். 1984 படத்தின் அச்சம் அங்கே முழுதாகக் கிடைக்கிறது. பிளாஸ்மா ஆயுதம் கைக்கு வந்ததும் அந்த அச்சம் போய்விடுகிறது, அதே இயந்திரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்கின்றன என்பது விமர்சகர்களின் புகார். அது சரியான புகார்தான். ஆனால் ஆடியவர்களில் பலர் இந்த இடத்தையே வேறுமாதிரி வாசித்தார்கள்: பாதி ஆட்டம் ஓடி ஒளிந்தவனுக்குத் திருப்பி அடிக்கும் நேரம் வந்துவிட்டது என்று.

ஆடியவர்களின் தீர்ப்பு

ஸ்டீமில் எழுதியவர்களும் மேலே சொன்ன குறைகளை மறைக்கவில்லை. முகங்கள் மோசம், எதிரிகள் முட்டாள்கள், வரைகலை பழையது என்று தொடங்கி, அதற்குப் பிறகு ‘ஆனால்’ என்று எழுதினார்கள். அந்த ‘ஆனால்’ பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் போயிற்று: இரண்டாம் படத்துக்குப் பிறகு அந்தப் படங்களின் மீது உண்மையான பிரியத்தோடு செய்யப்பட்ட முதல் சங்கதி இதுதான். படத்தில் ஓரிரு நொடி தலைகாட்டிய டாங்கி இங்கே மிரட்டிக்கொண்டு எதிரே வருகிறது. படத்தில் வாய்வார்த்தையாக மட்டும் சொல்லப்பட்ட இறுதித் தாக்குதலில் இங்கே நாமே ஓடுகிறோம். நாய்கள், பதுங்குகுழிகள், ஆயுதங்களின் வடிவம் என ஒவ்வொன்றும் படச்சட்டகத்தை நிறுத்தி வைத்துப் பார்த்துச் செய்தது போல் இருக்கிறது.

இன்னொரு பிரிவினருக்குப் பழைய பாணி என்பதே ஈர்ப்பாக இருந்தது. திறந்த உலகம் என்ற பெயரில் நூறு மணி நேரம் அலைய விடுகிற, ஆட்டத்துக்குள்ளேயே கடை திறந்து காசு கேட்கிற ஆட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், ஏறக்குறைய பத்து மணி நேரத்தில் ஒரு கதையைத் தொடங்கி ஒழுங்காக முடித்து அனுப்பிவைத்தது இது. இரண்டாயிரங்களின் நடுவில் வந்திருக்க வேண்டிய ஆட்டம் என்று விமர்சகர் வசையாக எழுதியதை அவர்கள் அப்படியே எடுத்துப் பாராட்டாக எழுதினார்கள்.

இந்த இரு தரப்பையும் பற்றி ஒரு எளிய விளக்கம் உலவுகிறது. விமர்சகர்களுக்கு ரசனை இல்லை, விலை போனவர்கள், சாமானியர்தான் உண்மையைச் சொல்கிறார்கள் என்பது அது. இது சோம்பேறித்தனமான விளக்கம். இரு தரப்பும் பார்த்த ஆட்டம் ஒன்றே, கண்ட குறைகளும் ஒன்றே. எதை எதோடு நிறுத்துப் பார்த்தார்கள் என்பதில்தான் வேறுபட்டார்கள். விமர்சகர் எழுதுவது எந்த ஆட்டத்துக்குக் காசு செலவழிக்கலாம் என்று யோசிக்கும் பொது வாசகருக்கு. அவர் தராசின் மறுதட்டில் ஃபாலன் ஆர்டர் இருந்தது. ஸ்டீமில் எழுதியவர் தராசில் இருந்தது சால்வேஷனும் ராம்போவும், முப்பது ஆண்டு ஏக்கமும்.

எண்கள் எப்படி உருவாகின்றன

இரண்டு தளங்களின் எண்களும் ஒரே பொருளை அளப்பதில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மெட்டாகிரிட்டிக் ஒவ்வொரு விமர்சகர் தந்த மதிப்பெண்ணையும் நூற்றுக்கு மாற்றி, சில இதழ்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறது. அந்த எடை எவ்வளவு என்பதை அது வெளியிடுவதில்லை. ஒரு இதழ் முதலில் தந்த மதிப்பெண்ணே அங்கே நிலைக்கும். ஆட்டத்தைப் பின்னால் எத்தனை முறை திருத்தினாலும், முதல் நாள் எழுதப்பட்ட எண் அப்படியே நிற்கும்.

ஸ்டீமில் மதிப்பெண்ணே கிடையாது. பரிந்துரைக்கிறீர்களா, இல்லையா என்ற ஒரே கேள்விதான். பரவாயில்லை, பத்துக்கு ஆறு தரலாம் என்று நினைப்பவரும் கட்டைவிரலை மேலே தூக்குகிறார். அற்புதம் என்று துள்ளுபவரும் அதையேதான் செய்கிறார். எண்பது சதவீதத்தைத் தாண்டினால் மிகவும் சாதகம் என்ற முத்திரை விழும். ஆகவே ஆயிரம் பேர் தலா ஆறு மதிப்பெண் மனநிலையில் இருந்தாலும் ஸ்டீம் நூறு சதவீதம் காட்டக்கூடும். மெட்டாகிரிட்டிக்கில் அதே ஆட்டம் அறுபதில் நிற்கும். இரண்டு எண்களும் பொய் சொல்லவில்லை.

யார் எழுதுகிறார்கள் என்பதும் இருக்கிறது. விமர்சகருக்கு வேலை வந்து சேருகிறது. பிடிக்காத வகையானாலும் ஆடி முடிக்க வேண்டும். ராம்போ செய்த நிறுவனத்தின் டெர்மினேட்டர் ஆட்டத்தைத் தேடிப் போய்க் காசு கொடுப்பவர் ஏற்கெனவே பாதி மனதைக் கொடுத்தவர். பிடிக்காவிட்டால் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமலிருந்தால், பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பேசாமல் போய்விடலாம். ஆடியவர் தீர்ப்பு மெய்யானதுதான். ஆனால் அது ரசிகர் கூட்டத்தின் தீர்ப்பு. தெருவில் போகிற எல்லோருடைய தீர்ப்பும் ஆகாது.

முன்னோடிகளின் நிழல்

படங்களை ஒட்டி வரும் ஆட்டங்கள் மட்டமாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை 1982இல் அட்டாரி வெளியிட்ட ஈ.டி. காலத்திலிருந்தே வேரூன்றியது. படம் வெளியாகும் நாளுக்குள் ஆட்டமும் கடைக்கு வந்தாக வேண்டும் என்ற அவசரம் அதற்கு முதன்மைக் காரணம். 1997இல் நின்டென்டோ 64 கருவிக்கு வந்த கோல்டன்ஐ 007 படம் வெளியாகி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்தே வந்தது; சிறந்ததற்கும் அதுவே ஒரு காரணம்.

டெர்மினேட்டரைப் பொறுத்தவரை ஒரு கௌரவமான முன்னோடியும் உண்டு. 1995இல் பெதெஸ்டா வெளியிட்ட தி டெர்மினேட்டர்: ஃபியூச்சர் ஷாக் எதிர்காலப் போரை முப்பரிமாணத்தில் காட்டியது, சுட்டியை அசைத்துச் சுற்றிலும் பார்க்கும் முறையை, குவேக் அதைப் பரவலாக்குவதற்கு முன்பே கையாண்டது. ரெசிஸ்டன்ஸ் அப்படி எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அதை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்தது இயல்பு.

பிந்தைய பதிப்புகள்

முதல் வாரத்தோடு ஆட்டத்தைக் கைவிடாமல் டெயான் தொடர்ந்து வேலை பார்த்தது. 2020 இறுதியில் கணினிப் பதிப்புக்கு இன்ஃபில்ட்ரேட்டர் மோடு இலவசமாக வந்தது. அதில் ஆடுபவரே டி-800 ஆகி மனிதர்களின் மறைவிடத்தைத் தேடிப் போகிறார். சிறிய வரைபடம், குறுகிய நேரம். ஆனாலும் அதுவரை ஓடி ஒளிந்த அதே உலகத்தில் வேட்டைக்காரனாக நடக்க விட்டது ரசிகர்களை மகிழ்வித்தது. 2021 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5க்கான மேம்பட்ட பதிப்பு வந்தது. இதைப் பார்த்து எழுதிய விமர்சகர்கள் முன்பைவிடக் குறைவு. ஆனால் கனிவு கூடியிருந்தது. இந்த இடைக்காலத்தில் ரசிகர்கள் பேசிப் பரப்பிய நற்பெயரும் அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

2021 டிசம்பரில் வந்த அனிஹிலேஷன் லைன் என்ற விலைக்குரிய கூடுதல் பகுதி ஜேக்கப்பை முதல் படத்தின் நாயகன் கைல் ரீஸோடு சேர்த்து அனுப்புகிறது. மூல ஆட்டத்திலிருந்து சிலவற்றை இதில் மாற்றியிருந்தார்கள்: மனிதர்கள் குழுவாக நகர்கிறார்கள், நகரம் அகலமாகத் திறந்திருக்கிறது. எக்ஸ்பாக்ஸின் புதிய கருவிகளுக்கான முழுப் பதிப்பு 2023 அக்டோபர் இறுதியில்தான் வந்து சேர்ந்தது.

ரோபோகாப்புக்குப் பிறகு

அதற்குச் சில நாட்களில், 2023 நவம்பர் 2 அன்று, டெயானின் அடுத்த ஆட்டமான ரோபோகாப்: ரோக் சிட்டி வெளியானது. பிரெஞ்சு நிறுவனமான நாகோன் வெளியிட்டது. 1987 ரோபோகாப் படத்தின் நாயகன் பீட்டர் வெல்லரே வந்து குரல் கொடுத்தார். இதுவும் பெரும் பணம் கொட்டிய ஆட்டமில்லை; பாத்திரங்களின் முகங்கள் இதிலும் விறைத்தே இருந்தன. ஆனால் விமர்சகர்களின் சராசரி எழுபதைத் தொட்டது. முதல் இரண்டு வாரங்களில் ஆடியவர்கள் எண்ணிக்கை 4 லட்சத்தைத் தாண்டியதாக நாகோன் அறிவித்தது.

இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்து ஆடிப் பார்த்தால் வடிவம் ஒன்றே என்பது தெரியும். நடுத்தர அளவில் திறந்திருக்கும் தெருக்கள், சின்னச் சின்னத் துணைப் பணிகள், ஆயுதத்தின் மின்பலகையில் சில்லுகளை இணைத்து வலுவேற்றும் புதிர், பேச்சில் எடுக்கும் முடிவுகள், இறுதியில் யார் என்ன ஆனார்கள் என்று சொல்லும் சுருக்கம் ஆகிய எல்லாமே ரெசிஸ்டன்ஸில் ஒத்திகை பார்க்கப்பட்டவை. பணம் கூடியிருந்தது, அன்ரியல் என்ஜின் 5 வந்திருந்தது, நகைச்சுவை உணர்ச்சி வந்திருந்தது. மெதுவாக நடக்கும் இரும்பு மனிதனுக்கு முட்டாள் எதிரிகள் குறையாகவும் தெரியவில்லை. ரோபோகாப் விமர்சனங்களில் ரெசிஸ்டன்ஸைப் பெயர் சொல்லி, எதிர்பாராத நல்ல ஆட்டம் என்று குறிப்பிட்டவர்கள் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே துறை அதற்கு ஐம்பது மதிப்பெண் கொடுத்திருந்தது. மெட்டாகிரிட்டிக்கில் அந்த எண் இன்னும் மாறவில்லை.